கால் மணி பிந்திய கடிகாரம்

புதுச்சேரியில் பழைய கடிகாரங்களைப் பழுது பார்க்கும் மதலேனுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் சாம்பசிவம். சர்வே ஆபீசில் ஓய்வு பெற்று, வீட்டில் இருந்தால் மனைவியோடு சண்டை வருகிறது என்று தொழில் கற்க வந்தவர். குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். அதனால் குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார்.

ஒரு நாள் காலை பெர்னதெத் என்ற பெண்மணி ஒரு செட்டைக் கொண்டுவந்தார். நடுவில் வைக்க ஒரு பித்தளைக் கடிகாரம், இருபுறமும் நிறுத்த இரண்டு சாடிகள். எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டை அலங்கரித்தவை.

"அப்பா பேர்ல மியூசியத்துக்குக் கொடுக்கப்போறேன். யார் செஞ்சதுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா வாங்கிப்பாங்களாம்."

"நல்லா ஓடுதா?"

"தினம் கால் மணி பிந்தும். ஒரு தடவை அப்பா எங்கேயோ எண்ணெய் போடக் கொடுத்துத் திரும்ப எடுத்துட்டு வரும்போது ரிக்‌ஷா குலுங்கிடுச்சாம். நான்தான் கெடுத்துட்டேன்னு சாகிறவரைக்கும் தன்னையே திட்டிக்கிட்டார். காலையில எழுந்ததும் முள்ளைத் தள்ளி வைக்கிறதுதான் அவருக்கு முதல் வேலை."

சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

சாம்பசிவம் கடிகாரத்தின் முகத்தைப் பார்த்ததுமே பேனாவை எடுத்தார். "துவால்னு போட்டிருக்கே அம்மா!"

"அது வித்த கடைக்காரர் பேர் சார். செஞ்சவர் பின்னாடி இருப்பார்."

சாம்பசிவம் பின்மூடியைத் திறந்து லென்சை வைத்துப் பார்த்தார். வட்டமாக ஒரு சின்ன முத்திரை: மொரெல். கீழே எண் 4817. சாடிகளின் அடியிலும் அதே முத்திரை. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு பெண்டுலத்தைத் திருப்பினார். அதிலும் 4817 இருக்க வேண்டும். 2290 என்று இருந்தது.

"எவனோ ஒரு மடையன் வேற கடிகாரத்துப் பெண்டுலத்தை மாட்டியிருக்கான். இது நீளம் அதிகம். பிந்தாம என்ன செய்யும்? இருங்க, எவன்னு பார்க்கிறேன்."

பழுது பார்ப்பவர்கள் உள்தகட்டில் ஊசியால் தங்கள் குறியைக் கீறி வைப்பது வழக்கம். அதைத் தேடினார். தேடியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு சிறிய மீன். பக்கத்தில் இருபத்தோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

அந்த மீனை அவர் தினமும் பார்க்கிறார். இந்தக் கடைக்கு வருகிற ஒவ்வொரு கடிகாரத்திலும் மதலேன் கீறுகிற மீன் அது.

லென்சைத் துடைக்கிற சாக்கில் வாசல்வரை போனார். திரும்பி வந்து மெல்லக் கேட்டார்.

"அம்மா, அவங்க கேட்டது செஞ்சவர் பேரைத்தானே? மொரெல்னு எழுதினா போதாதா? உள்ளே யார் பார்க்கப்போறாங்க?"

மதலேன் லென்சை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எழுதுங்க சார். செய்தவர் மொரெல்."

எழுதினார்.

"அதுக்குக் கீழே, கெடுத்தவர் மதலேன்."

சாம்பசிவத்துக்குக் கை வரவில்லை. "ஊர்ல உங்க பேர் என்னம்மா ஆகும்?"

"மீனைப் போட்டப்போ கை கூசலையே சார். பேரைப் போட மட்டும் ஏன் கூசணும்?"

சாயங்காலம் பெர்னதெத் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அப்போ ரிக்‌ஷா இல்லையா?"

"இல்லம்மா. நான்தான். உங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்ல."

பெர்னதெத் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சாம்பசிவத்துக்கு இருந்தது.

"சரியானதும் சொல்லி அனுப்புங்க" என்று மட்டும் சொல்லி, கடிகாரத்தை விட்டுவிட்டுப் போனார்.

மதலேன் எழுந்து செருப்பை மாட்டினார்.

"அதான் எல்லாத்தையும் சொல்லியாச்சே அம்மா. இன்னும் எங்கே கிளம்புறீங்க?"

"அன்னைக்கு மேசையில ரெண்டு கடிகாரம் பிரிச்சுப் போட்டிருந்தேன் சார். இன்னொன்னு காரைக்கால்ல ஒரு வீட்டோடது. பெண்டுலத்தை மாத்தி மாட்டிட்டேன். இது பிந்துச்சுன்னா அது முந்தும். அங்கேயும் ஒருத்தர் தினம் காலையில எழுந்து, தன்னைத் திட்டிக்கிட்டே முள்ளைப் பின்னுக்குத் தள்ளிக்கிட்டிருப்பார். காரைக்கால் பஸ் எத்தனை மணிக்கு?"