விளக்குமாறு பேசாமல் போனது

புல்லுக்கும் பறவைக்கும் மனிதரோடு பேச வாய் இருந்த அந்தக் காலத்தில், விளக்குமாறு என்பது வசைச்சொல்லாக இருக்கவில்லை. வீட்டின் நடுவில், விளக்கு வைக்கும் மாடத்துக்குக் கீழே அதற்கென்று ஓர் இடம் இருந்தது. யாரும் அதைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. பெருக்கு என்று சொன்னால் போதும், தானே எழுந்து பெருக்கும். ஒரு பெண் துப்புரவாகவும் சுணங்காமலும் வேலை செய்தால், "அவள் விளக்குமாறு அல்லவா" என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் அந்தச் சொல் காதில் விழுந்ததும் பாதி சம்மதித்துவிடுவார்களாம்.

அப்போது இன்னொன்றும் இருந்தது. வீட்டைவிட்டுப் புறப்படுகிறவரின் காலடிகள் வாசல் மண்ணில் பதிந்து மெல்ல முனகிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் போனவரின் பாதம் அந்த முனகலை உணரும். வழி தவறினால் நின்று, அது வரும் பக்கம் திரும்பி நடந்தால் வீடு வந்துவிடும். இங்கே வாசலில் நிற்கிறவர் காதுக்கு அது எட்டாது. மண்ணோடு கிடந்து பழகிய விளக்குமாற்றுக்கு மட்டும் கேட்கும். ஆகவே, போனவர் திரும்பும்வரை அவருடைய காலடிகளை விட்டுவிட்டு, சுற்றிலும் மட்டும் பெருக்கிவிட்டு வரும்.

செம்மணல் தேரியின் ஓரத்து ஊர் ஒன்றில் பூவலிங்கம் என்ற பனையேறியும் அவன் மனைவி உலகம்மாளும் வாழ்ந்தார்கள். அது ஆடி மாதம். தேரியில் காற்று மணல்மேடுகளையே இடம் மாற்றிவிடும் மாதம். நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளமாகக் கிடக்கும். அந்த மாதத்தில் தேரியைக் கடக்க ஊரில் யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் பூவலிங்கத்தின் வீட்டில் தானியம் தீர்ந்துபோயிருந்தது. கருப்பட்டியைத் தேரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கம்பு வாங்கி வருவதாகச் சொன்னான். காற்று அடங்கட்டும் என்று உலகம்மாள் கெஞ்சினாள். காற்று அடங்கும்வரை உன் வயிறு அடங்குமா என்று சிரித்துவிட்டு, ஓலைப்பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விடிந்ததும் போய்விட்டான்.

அன்று மதியம் அவன் தங்கை செண்பகவடிவு பக்கத்து ஊரிலிருந்து வருவதாக இருந்தது. போன தடவை வந்து போனவள், அண்ணன் வீட்டில் வாசல் எங்கே முடிகிறது, ஆட்டுக்கொட்டில் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை எனக் கிணற்றடியில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் பேச்சு சுற்றிக்கொண்டு உலகம்மாளிடம் வந்து சேர்ந்திருந்தது. வாசலை முழுக்கப் பெருக்கும்படி அவள் விளக்குமாற்றிடம் சொன்னாள்.

"அவுக காலடி கிடக்கு தாயி. ஓரத்த மட்டும் தூத்துதேன்."

"ஓரத்த மட்டும் தூத்தினா அவ நடுவுலதான் கண்ண வைப்பா."

"காலடி முனகுது. இப்பதான் தேரிக்குள்ள கால் வச்சிருக்காக."

"அவருக்கு வழி தெரியாதா? பொறந்ததுலேருந்து நடக்கிற தேரி. தூத்து."

விளக்குமாறு எழுந்தது. சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் எழுந்தது என்று சொல்லலாம். ஆனால் வாசல் அழுக்காக இருந்தால் செண்பகவடிவு சிரிக்கப்போவது உலகம்மாளைப் பார்த்து மட்டும் அல்லவே. நல்ல பெயர் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தப் பெயரை இழக்க எவ்வளவு பயம் இருக்கும் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. எது அதை எழுப்பியது என்பதை யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? எழுந்தது, பெருக்கியது, அவ்வளவுதான். ஒவ்வொரு காலடியாக முனகல் நின்றது. கடைசிக் காலடியின் அருகே விளக்குமாறு தயங்கியது. உள்ளேயிருந்து உலகம்மாள் முடிந்ததா என்று கேட்டாள். அதையும் பெருக்கிவிட்டது.

செண்பகவடிவு வந்தாள். வாசலை அவள் பார்க்கவே இல்லை. வெயிலில் தலை வலிக்கிறது என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் திரும்பவேண்டிய பூவலிங்கம் ஐந்தாம் நாளும் வரவில்லை. தங்கை ஊருக்குப் போகாமல் அண்ணனுக்காகக் காத்திருந்தாள். ஏழாம் நாள் தேரிக்குள்ளிருந்து ஒரு கவுதாரி வந்தது. ஊரார் கூடினார்கள். கவுதாரி தான் பார்த்ததைச் சொன்னது. கம்புச் சுமையோடு ஒருவர் மணல்மேட்டின் மேல் நின்றார். நாலு திசையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மணலில் ஊன்றி, எதையோ எதிர்பார்ப்பவர்போல் வெகுநேரம் நின்றார். பிறகு ஊர் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நடந்தார். அதன் பிறகு காற்று எழுந்தது. கம்பு மட்டும் மணல்மேல் சிதறிக் கிடந்தது.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அது வழித்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

உலகம்மாள் தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "எங்குடியக் கெடுத்த விளக்குமாறே" என்பதுதான். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த நேரத்தில் அந்தப் பழியோடு தன் பெயரைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவள் உயிரோடு இருந்திருக்க மாட்டாள்.

செண்பகவடிவு விளக்குமாற்றின் முன்னால் வந்து நின்றாள். அண்ணன் காலடியைப் பெருக்கியது யார், யார் சொல்லிப் பெருக்கியது என்று கேட்டாள். உண்மை தெரிந்தால் உலகம்மாள் அந்த ஊரில் ஒரு வேளைகூட இருக்க முடியாது. அவளுக்குப் போக வேறு வீடும் இல்லை.

"நாந்தான் தூத்தினேன்" என்றது விளக்குமாறு.

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

ஊரார் அதைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் எறிந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு உலகம்மாள் அதன் அருகே போய் உட்கார்ந்தாள். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டாள். பதில் இல்லை. ஒரு வார்த்தை திட்டு என்று கேட்டாள். அதுவும் இல்லை. மறுநாள் காலையில் பெருக்கு என்று சொன்னாள், அது எழவில்லை. வாசலில் ஏழு நாள் குப்பை சேர்ந்த பிறகு, அவளே குனிந்து அதைக் கையில் எடுத்தாள்.

அன்று முதல்தான் வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டுப் போனதும் வாசலைப் பெருக்கக் கூடாது என்றானது. தம் தவறைத் தாங்க முடியாதவர்கள் விளக்குமாறு என்று பிறரைத் திட்டுவதும் அன்று முதல்தான். அது மட்டும் கதவுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நிற்கிறது. யார் சொன்னாலும் எழுவதில்லை. பெருக்க நினைப்பவர் தாமே தலை குனிந்து, தம் கையால்தான் பெருக்க வேண்டியிருக்கிறது.