பாரம் தூக்காதவர்களின் தகுதி

ஏழு மாதக் கர்ப்பிணியான மரகதம் பஞ்சுப்பொதி தூக்கக்கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். உடனே நூற்பாலை அவளை நீக்கிவிட்டது. வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு, அதிகாரி தணிகாசலத்தின் முன் நின்றாள்.

"வேலை செய்யத் தகுதி உள்ளவங்களுக்குத்தான் உதவித்தொகை. பாரமே தூக்க முடியாத உனக்கு எதுக்கும்மா?" என்று அவர் உரக்கக் கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முந்தானையால் வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

"உட்கார்ந்து நூல் சுற்றுவேன்னு எழுதியிருக்கேன். விண்ணப்பக் கட்டு மேல்தட்டுல இருக்கு. ஐயாவே இறக்கிப் பாருங்க."

"நானா? எனக்கு இடுப்புவலி. பாரம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றவர் உதவியாளரை அழைத்தார்.

"அப்போ ஐயா எப்படி வேலையில இருக்கீங்க?" என்றாள் மரகதம்.

காது சிவந்த தணிகாசலம், அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, உதவியாளர் இறக்கித் தந்த விண்ணப்பத்தில் 'தகுதியுடையவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.