ராஜா தூக்கிய டார்ச்

குன்றூரை மகுடவர்மர் ஆண்ட காலத்தில் டார்ச் லைட் ஏது என்று யாரும் கேட்கக் கூடாது. ராஜா இருந்தார், அவரிடம் டார்ச்சும் இருந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அந்த டார்ச் ஒரு முழ நீளம். கனமோ கேட்க வேண்டாம். அதைத் தூக்குவதற்கென்றே சடையன் என்று ஓர் ஆள் இருந்தான். ராஜா தினமும் உச்சிவேளையில் சுரங்கப்பாதை வழியாகக் குளத்துக்குக் குளிக்கப் போவார். பட்டப்பகலிலும் அதற்குள் கும்மிருட்டு. சடையன் வெளிச்சம் காட்டிக்கொண்டு முன்னால் நடப்பான். "படி... பள்ளம்... குனிஞ்சு வாங்க" என்று குரல் கொடுப்பான். ராஜா பின்னால் வருவார். பல வருஷமாக நடக்கிற வழக்கம் இது.

சடையனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் தோணியப்பர். சபையில் வாய்க்குப் பேர்போனவர். அந்த வாயைக் கண்டாலே மந்திரி சேதிராயருக்கு ஆகாது.

ஒருநாள் காலை சேதிராயர் சபைக்குள் வந்து, கப்பல்காரர்களிடம் வாங்கிய ஒரு பொருளை ராஜாவிடம் நீட்டினார்.

"அதே டார்ச்தான் அரசே. புதிதாகத் திருத்திச் செய்திருக்கிறார்கள். எல்.இ.டி. கட்டைவிரல் அளவுதான், வெளிச்சம் பழையதைப் போலப் பத்து மடங்கு. இடுப்பில் செருகக் கிளிப்பும் உண்டு. தாங்களே தினமும் கையோடு வைத்துக்கொள்ளலாம். இனி அதைத் தூக்க ஓர் ஆள் எதற்கு?"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். தூண் மேல் அடித்துப் பார்த்தார். பூனை மேல் அடித்தார். சேதிராயரை வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கு வரை அடித்துப் பார்த்தார்.

"நீர் சொல்வது சரிதான். சடையனை இன்றோடு அனுப்பிவிடலாம்," என்றார்.

தோணியப்பர் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா?

"சோதித்துப் பார்க்காமல் ஓர் ஆளின் சோற்றில் கை வைக்கலாமா அரசே?"

"அப்படியா? நீரே சோதியும். நான் குளிக்கப் போவதற்குள் இதில் ஒரு குறை சொல்லும். சொல்லாவிட்டால் சடையனோடு நீரும் மூட்டை கட்டலாம்."

சேதிராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

தோணியப்பர் டார்ச்சைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது உள்ளே கிடந்து எரிந்தது. மாடியிலிருந்து கீழே போட்டார். கல்தளம்தான் பெயர்ந்தது. யானையைக் கூட்டிவந்து மிதிக்கச் சொன்னார். யானை காலை வைத்துவிட்டு, வலி தாங்காமல் தூக்கிக்கொண்டது. ஒரு பொருள் இவ்வளவு நன்றாக இருக்கலாமா என்று அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சடையன் பழைய டார்ச்சைத் துண்டால் துடைத்தபடி ஓரமாக நின்றான்.

"என்னால உங்களுக்கும் சோறு போச்சே சாமி," என்றான்.

தோணியப்பர் புது டார்ச்சை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார்.

அதற்குள் ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, குளிக்கிற வேட்டியும் தோளில் துண்டுமாக வந்துவிட்டார்.

"என்ன ஓய், கிடைத்ததா குறை?" என்று டார்ச்சை வாங்கித் தோணியப்பரின் முகத்துக்கு நேராக அடித்தார்.

தோணியப்பருக்குக் கண் கூசியது. எதிரே வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் ராஜா இருந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் மனசு சட்டென்று லேசாகிவிட்டது.

"ஒரே ஒரு சோதனை பாக்கி, அரசே. தாங்களே அதைப் பிடித்துக்கொண்டு குளத்துக்கு நடந்து பாருங்கள். மந்திரியார் கொண்டுவந்த பொருள், அதனால் தங்களுக்கு அடுத்தபடி அவர் வரட்டும். நான் கடைசியில் வருகிறேன்."

சேதிராயருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜரிகைத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ராஜாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

சுரங்கத்துக்குள் நடந்தார்கள். ராஜா வெளிச்சத்தைக் கூரைக்கும் சுவருக்கும் வீசி விளையாடிக்கொண்டே போனார். பின்னால் வந்த சேதிராயர் முதல் படியில் தடுக்கினார். அடுத்த பள்ளத்தில் காலை விட்டார். கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்கள் அரசே... கீழே, கீழே... ஐயோ, என் செருப்பு எங்கே?"

குளத்து வாசலில் கொம்பூதும் வைரவன் காத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். முதலில் வருவது விளக்கு, அடுத்து வருவது ராஜா. வந்த வெளிச்சத்தில் அவனுக்குக் கண் கூசியது, விளக்குப் பிடித்தவர் யாரென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சேதிராயர் மறுபடியும், "இப்படித் திருப்பிக் காட்டுங்கள்" என்று கத்தினார். ராஜா திரும்பி அவர் மேல் அடித்தார். ஜரிகைத் தலைப்பாகை தகதகவென்று மின்னியது.

வைரவன் கொம்பை எடுத்து முழு மூச்சாக ஊதினான். சேதிராயர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து, துண்டும் வேட்டியுமாக வழியில் நின்ற ஆளின் முதுகில் தட்டினான்.

"யோவ், வெளக்க அணைச்சிட்டு ஓரமா நில்லு. மகாராஜா போகணும்ல?"

ராஜா ஓரமாக நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அடேய், நான் இல்லையடா," என்றார் சேதிராயர். குரலே எழும்பவில்லை.

ராஜா வெளியே வந்தார். வெயிலில் அந்த முகத்தைப் பார்த்த வைரவன் கொம்பைக் கீழே போட்டான்.

"தோணியப்பரே, இது உம்முடைய வேலைதானே?" என்றார் ராஜா. "அது இருக்கட்டும். நான் கேட்டது டார்ச்சில் ஒரு குறை. அதை இன்னும் நீர் சொல்லவில்லை."

தோணியப்பர் பவ்யமாகக் கை கட்டினார்.

"டார்ச்சில் ஒரு குறையும் இல்லை, அரசே. தூக்கி வந்த ஆள்தான் வேலைக்குப் புதுசு."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு குபீரென்று சிரித்துவிட்டார். சிரிப்பினூடே சடையனைக் கூட்டிவரச் சொன்னார். அவன் ஓடி வந்ததும் புது டார்ச்சை அவன் இடுப்பில் தம் கையாலேயே செருகிவிட்டார். பழைய முழ நீள டார்ச்சை இனி தினமும் சேதிராயர் சபைக்குத் தூக்கி வர வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். சேதிராயரின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குளத்தைப் பார்க்காமலே ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார்.

"படி," என்றான் சடையன்.