நெடுங்கரை கொடுத்தனுப்பிய புத்தகம்

“எங்கிட்ட என்ன குறைன்னு இன்னைக்கு நீங்க சொல்லியே ஆகணும், ஆசானே.”

ஆசான் தேனம்மை தொட்டியில் கீரை பறித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“குறையா? ஒண்ணும் இல்லையே அண்ணே.”

“அப்ப ஏன் எனக்கு இன்னும் மோதிரம் வரல?”

நியாயமான கேள்விதான். அம்பலவனுக்கு வயது ஐம்பத்தேழு. ஆசானுக்கு நாற்பது. அந்தக் கப்பலில் ஆசான் ஆவதற்கு வயது ஒரு கணக்கில்லை. ஆனாலும் தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது யாருக்கு இனிக்கும்? அவனுக்குப் பின்னால் வந்த ஒன்பது பேர், கைதேர்ந்தவருக்கு ஆசான் கொடுக்கும் சரிபார்ப்புக் கூடத்தின் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசித் திரிந்தார்கள். அவன் விரல் மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்தக் கப்பலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அது ஒரு நூலகம். உலகம் உலகமாகப் போய், அங்கங்கே எழுதப்பட்ட புத்தகங்களை வாங்கி அடுக்கிக்கொண்டு, வானத்தில் சுற்றிவந்தது. நாற்பதாயிரம் பேர் அதிலேயே பிறந்து, அதிலேயே புத்தகம் துடைத்து, அதிலேயே செத்தார்கள். வேறு வேலை கிடையாது. வேறு வேலை வேண்டும் என்று யாரும் கேட்டதும் கிடையாது.

வானத்தில் ஒரு தொல்லை உண்டு. நட்சத்திரங்களின் கதிர் பட்டுப் பட்டு மை வெளுத்துவிடும். அதனால் எட்டு வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு புத்தகத்தையும் எந்திரம் புதிதாகப் படியெடுக்கும். பழையதைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்வார்கள்.

எந்திரம் எடுத்த படியைச் சரிபார்ப்பது மனிதன் வேலை. அதைப் பின்னாலிருந்துதான் பார்க்க வேண்டும். கடைசிப் பக்கத்தின் கடைசி எழுத்தில் தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் பின்னோக்கி வந்து, முதல் எழுத்தில் முடிக்க வேண்டும். நேராகப் படித்தால் மனம் கதையில் லயித்துவிடும், கண் பிழையைத் தாண்டிவிடும். அதற்காக முன்னோர் கண்டுபிடித்த முறை இது. நல்ல முறைதான், மறுக்கவில்லை.

நேராகப் படித்து மாட்டிக்கொண்டவனுக்குப் ‘பொருள் தொட்டவன்’ என்று பெயர். அவனைக் கூழ்த்தொட்டி கலக்க அனுப்பிவிடுவார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள்.

அம்பலவன் முப்பத்தொரு வருடத்தில் ஒரு வரியின் பொருளையும் தொட்டதில்லை.

“இதைப் பாருங்க.” கையில் கொண்டுவந்திருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்தான். “இன்னைக்குக் காலையிலதான் முடிச்சேன். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் எழுத்து. ஒரு பிழை இல்ல. மூணு தடவை படியெடுத்திருக்கு, மூணு தடவையும் நான்தான் பாத்தேன். மூணுலயும் பிழை இல்ல.”

ஆசான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இதுல என்ன இருக்கு?”

“அதான் சொன்னேனே. ஒரு லட்சத்துப் பதினோராயிரம்…”

“எழுத்தை விடுங்க. என்ன சொல்லியிருக்கு?”

அம்பலவனுக்குச் சுருக்கென்றது. திருடினாயா என்று கேட்ட மாதிரி இருந்தது.

“நான் அந்த மாதிரி ஆளில்ல, ஆசானே.”

ஆசான் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்தார். அதை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். போய்க் கதவைச் சாத்தினார். மறுபடி கீரைக்கே போய்விட்டார்.

“மோதிரம் வேணும்னா படிக்கணுமா?”

கீரைத் தண்டு ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்பலவன் சாத்திய கதவை ஒரு முறை பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். பழக்க தோஷம், கண் தானாகக் கடைசி வரிக்கு ஓடியது. அதை இழுத்துப் பிடித்து மேலே கொண்டுவந்தான். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி படித்தான். ஐம்பத்தேழு வயதில் இந்தக் கோலத்தைப் பார்க்க யாருமில்லையே என்பது ஒன்றுதான் ஆறுதல்.

‘நூலகக் கப்பலில் இருப்பவர்களுக்கு நெடுங்கரை மக்கள் எழுதுவது.

எங்கள் உலகத்தில் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. முப்பது வருடம் தாங்கும் என்று கிணறு வெட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். குறைந்தாலும் குறையும். எங்கள் தலைக்கு மேலே உள்ள நிலவில் பனிக்கட்டி மலை மலையாகக் கிடக்கிறது. அதை இறக்கிக் கொண்டுவரும் அளவுக்குப் பெரிய கப்பல் எங்களிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

நீங்கள் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் கையால் வாங்குவதில்லை என்றார்கள். அதனால் இதைப் புத்தகமாகக் கட்டியிருக்கிறோம். நூறு தாளுக்குக் குறைந்தால் புத்தகம் என்று ஏற்க மாட்டீர்களாம். எங்களுக்குச் சொல்ல இருப்பது ஒரு பக்கம்தான். மீதித் தாள்களில் எங்கள் பெயரையும் வயதையும் எழுதியிருக்கிறோம். நாலாயிரத்துப் பதினாறு பேர் இருக்கிறோம். படித்ததும் வாருங்கள்.’

அம்பலவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். பெயர்கள்.

அதற்கடுத்த பக்கம். பெயர்கள்.

நடுவில் ஒரு கொத்தாகப் பிரித்தான். அங்கேயும் பெயர்கள்.

உள்ளட்டையைப் பார்த்தான். புத்தகம் வாங்கிய வருடம் போட்டிருந்தது. இருபத்து நாலு வருடம் ஆகிவிட்டது. வாங்கியவர் பெயர் அதன் கீழே இருந்தது. அம்பலவன்.

ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நெடுங்கரைத் துறையில் ஒரு பெண் நின்றாள். துணியில் சுற்றிய புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் தாளை எண்ணினான். சரியாக நூறு. வாங்கிக்கொண்டதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தான்.

“படிப்பீங்கல்ல, தம்பி?” என்று கேட்டாள்.

“கவலையே படாதீங்கம்மா. ஆயிரம் வருஷம் ஆனாலும் ஒரு எழுத்து அழியாது.”

அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்ன மரியாதை தெரிந்த ஜனங்கள் என்று அன்று சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டான்.

“ஆசானே!”

அந்தச் சத்தத்தில் தேனம்மை கீரையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

“உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியாது.” ஆசான் மேசையைப் பிடித்துக்கொண்டார். “சத்தியமாத் தெரியாது அண்ணே.”

“அப்புறம் எதுக்குப் படிக்கச் சொன்னீங்க?”

“முப்பத்தொரு வருஷம் ஒரு வரிகூட எட்டிப் பாக்காத மனுஷர் இந்தக் கூடத்துல நீங்க ஒருத்தர்தான். மத்த எல்லாரும் திருட்டுத்தனமா ஒண்ணு ரெண்டு பக்கம் படிச்சிருக்காங்க. நானும்தான். அவங்களுக்கு மோதிரம் குடுத்தேன். என்னத்தக் காப்பாத்துறோம்னே தெரியாத உங்களுக்குக் குடுக்கப் பயமா இருந்துச்சு. ஏதாவது சமையல் குறிப்பு இருக்கும், காதல் கதை இருக்கும், படிச்சிட்டுச் சிரிப்பீங்கன்னு நினைச்சேன்.”

அம்பலவன் புத்தகத்தை அள்ளிக்கொண்டு ஓடினான். ஆசான் பின்னாலேயே ஓடினார்.

மாலுமி அறைக்குப் போகும் வழி முழுக்க அலமாரிகள். இரண்டு பக்கமும், தலைக்கு மேலேயும். வழக்கமாக அந்த வழியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். இன்று ஒவ்வொரு முதுகட்டையும் வாய் திறக்கக் காத்திருப்பது போலத் தோன்றியது. சரிபார்த்தேன் என்று அவன் ஒருவன் வைத்த முத்திரை மட்டும் ஆறாயிரம் புத்தகத்தில் இருந்தது. அதில் எத்தனை புத்தகமோ, எத்தனை கடிதமோ. அந்த நினைப்பு வந்ததும் ஓர் அலமாரி முன்னால் நின்றுவிட்டான். ஆசான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மாலுமி இருளாயி சுக்கான் முன்னால் உட்கார்ந்து சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நெடுங்கரை இங்கருந்து எவ்வளவு தூரம், அக்கா?”

“சுத்தி வளைச்சு வந்ததுல இப்பப் பக்கத்துலதான் இருக்கு. ஏழு மாசம். ஏம்ப்பா?”

“கப்பலைத் திருப்புங்க.”

இருளாயி சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நீட்டிய பக்கத்தைப் படித்தாள். சுக்குத்தண்ணீர் அப்படியே ஆறியது.

“அடக் கடவுளே,” என்றாள். “நான்தான் அன்னைக்கு அங்கருந்து கப்பலை எடுத்தேன். அந்தச் சனம் கரையில நின்னு கை ஆட்டுச்சு.”

“திருப்புங்க அக்கா.”

“என் கையில இருந்தா இந்நேரம் திருப்பியிருக்க மாட்டேனா?”

அவள் சொன்னதும் உண்மைதான். போகாத உலகங்கள் ஆயிரம் காத்திருக்க, போன உலகத்துக்குக் கப்பல் திரும்பாது. ஒரே ஒரு காரணத்துக்காகத் திரும்பலாம். ஒரு புத்தகத்தில் பிழை இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அது பிறந்த இடத்துக்கே போய் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழைப் பதிவேட்டில் எழுதினால்தான் சுக்கானின் பூட்டு திறக்கும். எழுதியவுடனே அந்தப் புத்தகத்தில் முத்திரை வைத்தவனின் பெயரைக் கூடத்திலிருந்து அழித்துவிடுவார்கள். இருளாயியின் அம்மா காலத்திலும் அப்படி நடந்ததில்லை, பாட்டி காலத்திலும் நடந்ததில்லை.

“எந்தப் பக்கம், எந்த எழுத்துன்னு சொல்லு. இப்பவே திருப்பறேன்.”

அம்பலவன் புத்தகத்தைப் பிரித்தான். மூடினான்.

பிழை இல்லை. மூன்று முறை பார்த்தாயிற்று. ஓர் ஒற்று விடவில்லை, ஒரு புள்ளி நகரவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தான்.

இருளாயியின் பேனாவைப் பிடுங்கினான். ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஓர் எழுத்துக்கு ஒரு கால் போட்டுவிடலாம் என்று குனிந்தான்.

ஆசான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்க ஆசானே! என் பேரு போனாப் போகட்டும். எனக்கு மோதிரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

ஆசான் விடவில்லை. இன்னொரு கை விரலை அந்தப் பக்கத்தில் ஒரு வரியின் மேல் வைத்தார்.

‘வேலாயி மகள், இன்னும் பெயர் வைக்கவில்லை, வயது பத்து நாள்.’

“இது சரியா இருக்கா அண்ணே?”

“சரிதான். நானே மூணு தடவை…”

பாதியில் நிறுத்திவிட்டான்.

அதற்கு மேல் வரியைப் பார்த்தான். ‘வேலாயி, வயது பத்தொன்பது.’ கீழ் வரியைப் பார்த்தான். ‘வேலாயியின் அத்தை மாரக்காள், வயது எண்பத்தாறு.’

எண்பத்தாறு. அது இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால். அந்தப் பத்து நாள் குழந்தைக்கு, இருந்தால், இப்போது இருபத்து நாலு வயது.

பேனா கையிலிருந்து விழுந்தது. பக்கத்தைப் புரட்டினான். மறுபடி புரட்டினான். இந்த முறை கண் பின்னால் ஓடவில்லை. ஒவ்வொரு பெயராக, வாய்விட்டு, மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனான். கண்ணீர் தாளில் விழுந்து மை கலங்கியது. முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக, தாளில் பட்ட ஈரத்தை அவன் துடைக்கவில்லை.

ஆசான் அவன் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

இருளாயி விழுந்த பேனாவை எடுத்து, பிழைப் பதிவேட்டைத் திறந்து அவன் பெயரை எழுதினாள், புத்தகத்தின் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எத்தனை பிழைன்னு போடட்டும்?”

“தெரியல அக்கா,” என்றான் அம்பலவன். “அங்க போயி, கரையில நின்னு, ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”