பனிப்பாலம்

மாசிலாமணிக்கு ஆசானைவிட இருபத்திரண்டு வயது கூடுதல். முதல் சில வாரங்கள் அவளை ஆசான் என்று கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை.

ஆசானின் பெயர் பொற்கொடி. வேலூரில் ஒரு பல் லேபில் பல்செட் செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அச்சகம் ஒன்றின் மாடியில், மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்காருவார்கள். ஆசான் ஓர் உலகத்தைச் சொல்வாள். மலை, குகை, கோட்டை, அவற்றில் திரியும் கூளிகள். மற்ற மூவரும் அந்த உலகத்துக்குள் ஆளுக்கொரு வேடத்தில் நடந்து போவார்கள். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். மலைக்கும் பாலத்துக்கும் கூளிக்கும் உருட்டுவது ஆசான். செத்தால் செத்ததுதான். அந்த ஆளின் விவரம் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது ஆளோடு தொடங்க வேண்டும்.

உலகத்தை நடத்துகிறவரை ஆசான் என்பது அந்த மேசையின் வழக்கம்.

மாசிலாமணி பட்டாளத்தில் இருபத்தாறு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு கல்லூரியில் காவலர்களுக்கு மேற்பார்வையாளர். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எட்வின், ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவன். அவன்தான், "ஒரு ஆள் குறையுது அண்ணே, சும்மா வந்து உட்காருங்க" என்று அழைத்துப் போனான். சும்மா போனவர் இரண்டு வருடமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. நடுவில் ஒருநாள், ஆட்டத்தை நடத்தவும் கற்றுத்தர வேண்டும் என்று ஆசானிடம் கேட்டார்.

"பார்க்கலாம்," என்றாள் அவள்.

ஆட்டத்துக்குள் அவர் பெயர் கொற்றன். குழுவுக்கு முன்னால் நடப்பவன். இருட்டுக் குகையில் ஒவ்வோர் அடிக்கும் ஈட்டியின் பின்முனையால் தரையைத் தட்டிப் பார்ப்பான். சண்டை என்று வந்தால் தப்பிக்கும் வழி எது என்று முதலில் கேட்பான். அப்புறம்தான் வாளை உருவுவான். உப்புக் குகையில் ஏழு கூளிகள் சூழ்ந்துகொண்டபோது, ஒன்று வில்லாளி சுடரியின் தோளைக் கவ்விவிட்டது. கொற்றன் அவளை முதுகில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த தீப்பந்தத்தைக் கூளிகளின் முகத்துக்கு நேரே ஆட்டியபடி, இருநூறு அடி பின்வாங்கியே வந்தான். கூளிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. இவர்களிலும் யாரும் சாகவில்லை.

சுடரியாக ஆடுகிறவள் ஷமீனா. மருந்துக்கடையில் வேலை. "அங்கிள் முன்னால நின்னா எமனே டோக்கன் வாங்கிட்டு வெளியிலதான் உட்காரணும்," என்பாள்.

இரண்டு வருடத்தில் ஒரு தாளும் கிழியவில்லை. அதில் மாசிலாமணிக்குப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஆடி மாதம் ஆசான் அவர்களைப் பனிமலைக்குக் கொண்டுபோனாள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு கோட்டை. பாதையைப் பனி அடைத்துவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு உணவும் எண்ணெயும் தீரப்போகின்றன. அவற்றைச் சறுக்குவண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று ஞாயிறு அவர்கள் ஏறினார்கள். மூன்றாம் ஞாயிறு, கூளிகள் பனிக்குள்ளிருந்தே எழுந்தன. எட்வினின் கோடரிக்காரன் மல்லனுக்குக் காலில் வெட்டு. ஷமீனாவுக்கு இரண்டே அம்பு மிச்சம். கொற்றன் சறுக்குவண்டியைக் கவிழ்த்து அரணாக்கி, ஒவ்வொன்றாக வந்ததைக் குத்தித் தள்ளினான். கடைசிக் கூளி விழுந்தபோது முன்னால் ஒரு பிளவு இருந்தது. அதன்மேல் ஒரு பனிப்பாலம்.

"அந்தப் பக்கம் என்ன தெரியுது?" என்று மாசிலாமணி கேட்டார்.

"கோட்டை. புகை வருது. நூல் மாதிரி," என்றாள் ஆசான்.

"பாலம்?"

"முப்பது அடி இருக்கும். முழுக்கப் பனி. கீழே அடி தெரியல."

"ஈட்டியால தட்டிப் பார்க்கிறேன்."

பகடையை உருட்டினார். நான்குதான் விழுந்தது, போதாது.

"ஒரு சத்தம் வருது," என்றாள் ஆசான். "என்ன சத்தம்னு உங்களுக்குப் புரியல."

மாசிலாமணி பகடையை எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு, "திரும்புறோம்," என்றார்.

எட்வின் நிமிர்ந்தான். "அண்ணே, அங்க ஆள் இருக்காங்க. புகை தெரியுது."

"தெரியுது. திரும்புறோம்."

"நான் எடை கம்மி," என்றாள் ஷமீனா. "இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நான் முதல்ல போறேன்."

"வேண்டாம்மா."

"அங்கிள், இது விளையாட்டு."

"முன்னால நடக்கிறவன் நான். என் ஆளுங்க யாரையும் இதுமேல ஏத்த மாட்டேன்."

அவர் குரல் உயரவில்லை.

ஆசான் மறுத்துப் பேசவில்லை. "திரும்பினீங்க," என்றாள். "மூணு பேரும் உயிரோட அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தீங்க." வரைபடத்தை மடித்தாள்.

எட்வினும் ஷமீனாவும் சொல்லிக்கொள்ளாமலே படி இறங்கிப் போனார்கள். மாசிலாமணி எழுந்திருக்கவில்லை.

"ஆசான், அந்தப் பாலம் தாங்கியிருக்குமா?"

அவள் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் திரும்பினது தப்பா?"

அவள் பையின் கயிற்றை இழுத்து முடிந்தாள். "அடுத்த ஞாயிறு என் நாற்காலியில நீங்க உட்காருங்க," என்றாள். "நடத்தக் கத்துக்கணும்னு கேட்டீங்களே."

"எதை நடத்தறது?"

"கோட்டைக்குள்ள இருக்கறவங்களை. நீங்க திரும்பின நாள்லேர்ந்து."

அந்த வாரம் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை வேலைக்கும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை எட்வினிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தார். எட்வின் வந்து கதவைத் தட்டியபோது சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

ஆசானின் நாற்காலி மற்றவற்றைவிடச் சற்று உயரம். அதில் உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆசான் அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கோட்டையில எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர்," என்றார் மாசிலாமணி.

எட்வின் ஷமீனாவைப் பார்த்தான். கோட்டையில் இரண்டே பேர் என்று ஆசான் ஒருநாளும் சொன்னதில்லை.

"முதல் நாள் என்ன செய்யறாங்க?"

"பாதையில பனியை வெட்டி ஒதுக்கறாங்க. வர்றவங்களுக்கு வழி தெரியணும்ல. வாசல்லேர்ந்து பாலம் வரைக்கும் வெட்டறாங்க. எண்பது அடி."

"அப்புறம்?"

"ராத்திரி பனி கொட்டி மூடிடுது. ரெண்டாம் நாளும் வெட்டறாங்க. பாலம் வரைக்கும். உட்கார்ந்து பார்க்கறாங்க. யாரும் வரல."

"சாப்பாடு?"

"கொஞ்சம் மாவு இருக்கு. மூணாம் நாள் எண்ணெய் தீர்ந்துடுது. பெட்டியை உடைச்சு எரிக்கறாங்க. டீத்தூளைக் கொதிக்க வெச்சுக் குடிச்சிட்டு, அதே தூளைத் தட்டுல பரப்பிக் காய வைக்கறாங்க. மறுநாளைக்கு."

"கோட்டையில டீத்தூளா?" என்று எட்வின் மெதுவாகக் கேட்டான்.

ஷமீனா அவன் கையைத் தொட்டாள்.

"நாலாம் நாள் அறுபது அடிதான் வெட்ட முடிஞ்சுது," என்றார் மாசிலாமணி. "ஒருத்தனுக்கு விரல் கறுத்துப் போச்சு. மண்வெட்டி பிடிக்க வரல. இன்னொருத்தன் தனியா வெட்டறான். அஞ்சாம் நாள் நாற்பது. தினமும் ராத்திரி மூடிடும். தினமும் வாசல்லேர்ந்துதான் தொடங்கணும்."

"ஆறாம் நாள்?"

"இருபது."

கீழே அச்சு இயந்திரத்தை யாரோ சோதித்துப் பார்த்து நிறுத்தினார்கள். மாசிலாமணி தண்ணீர் குடித்தார்.

"ஏழாம் நாள், எட்டாம் நாள் எனக்குத் தெரியல," என்றார்.

"சரி," என்றாள் ஆசான். "இப்ப நாங்க வர்றோம். பாலம் வழியா இல்லை. மலையைச் சுத்தி. ஒன்பதாம் நாள் வந்து சேர்றோம். என்ன இருக்கு?"

அவர் தண்ணீர்க் குவளையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"கதவுகிட்ட நிக்கிறோம், ஹவில்தார். என்ன இருக்கு?"

"என்ன சொல்றது, ஆசான்?"

"கண்டதைச் சொல்லுங்க."

மாசிலாமணி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசத் தொடங்கியபோது குரல் ரோந்து அறிக்கை வாசிப்பதுபோல் ஒரே சீராக இருந்தது.

"முன்காவல் நிலை. ரெண்டு பேர். லான்ஸ் நாயக் பூவராகன், சிப்பாய் வர்க்கீஸ். நாங்க அஞ்சு பேர் சாமான் கொண்டுபோனோம். நான்தான் முன்னால. நிலைக்குக் கிட்ட ஒரு பிளவு, மேல பனி மூடியிருந்துச்சு. குச்சியால தட்டினேன். சத்தம் வந்துச்சு. அந்தப் பக்கம் அவங்க நின்னு கை ஆட்டறது தெரிஞ்சுது. நான் ஆளுங்களைத் திருப்பிட்டேன். அன்னைக்கு ராத்திரி பிடிச்ச பனி எட்டு நாள் விடல. சுத்துவழி திறந்தப்ப ஒன்பதாம் நாள்."

நிறுத்தினார்.

"வாசல்லேர்ந்து நாலு அடிக்குப் பாதை வெட்டியிருந்துச்சு. நாலே அடி. அதோட முடிவுல பூவராகன் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். மண்வெட்டி கையோட ஒட்டியிருந்துச்சு. பிரிக்க முடியல, அப்படியேதான் இறக்கினோம். உள்ள வர்க்கீஸ் படுத்திருந்தான். பக்கத்துல நிலையோட குறிப்பேடு, ஆறு நாளைக்குத்தான் எழுதியிருந்துச்சு. அவன் ரெண்டு கையிலயும் காலுறை மாட்டியிருந்துச்சு. அது பூவராகனோட காலுறை. பூவராகன் வெறுங்கால்ல பூட்ஸ் போட்டிருந்தான்."

ஷமீனா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தாங்க," என்றார் மாசிலாமணி. "ஓர் உயிர்ச்சேதமும் இல்லாம ரோந்துக் குழுவைத் திரும்பக் கொண்டுவந்ததுக்கு. கூட வந்த நாலு பேரும் இன்னைக்கும் இருக்காங்க. பொங்கலுக்குப் போன் பண்ணுவாங்க. ஒருத்தன் பொண்ணுக்கு என் வீட்டுக்காரி பேரை வெச்சிருக்கான். பூவராகனோட அம்மாவைப் பார்க்கக் கடலூர் பக்கம் ஒருதடவை போனேன். வாசல்ல இருந்தாங்க. தெரு முனையிலேர்ந்தே திரும்பிட்டேன்."

எட்வின் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்துபோனது.

மாசிலாமணி ஆசானின் பக்கம் திரும்பினார்.

"ஆசான்," என்றார். "இருபது வருஷமா யாரைக் கேட்கறதுன்னு தெரியாம இருந்தேன். பெரிய அதிகாரியைக் கேட்டா கடிதத்தைக் காட்டுவாரு. வீட்டுக்காரியைக் கேட்டா, நீங்க உசுரோட வந்தீங்களே, அது போதும்னு சொல்லுவா. அந்த மலை வேற, இந்த மலை வேறதான். ஆனா இதை உண்டாக்கினது நீங்க. கல்லு, பனி, கூளி, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால உங்களைக் கேட்கிறேன். பாலம் தாங்கியிருக்குமா?"

ஆசான் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்வையை விலக்கவில்லை.

"தெரியாது, ஹவில்தார்," என்றாள். "நீங்க கால் வைக்கல. நான் உருட்டல."