சோளத்துக்குத் தேன் ஊற்றிய கரடி

காட்டுத் தீ ஓய்ந்த ஒன்பதாம் நாள், தாய்க்கரடி ஒன்று ஓடைக்கரை ஈர மணலில் பன்னிரண்டு மக்காச்சோள மணிகளைப் புதைத்தது. தீக்குத் தப்பியது ஒரே ஒரு கதிர். அதில் கருகாத மணிகள் அவ்வளவுதான்.

கரடிக்கு இரண்டு குட்டிகள் இருந்தன. இப்போது ஒன்று. புழுதி என்று பெயர். புழுதிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

முள்ளம்பன்றி ஒன்று காவலுக்குச் சேர்ந்துகொண்டது. விளைந்தால் பாதி அதற்கு என்று பேச்சு.

புதைத்த மூன்றாம் நாள் கரடி ஒரு மணியைத் தோண்டிப் பார்த்தது. நுனியில் வெள்ளையாக வேர் விட்டிருந்தது. பசி பொறுக்காமல் வாயில் போட்டு மென்றது.

“அண்ணே! புதைக்கும்போது வெறும் மாவா இருந்தது. இப்போ இனிக்குது!”

“தின்னுட்டியா? போச்சு, இனி பதினொண்ணு!” என்று சிலிர்த்தது முள்ளம்பன்றி.

“இனிப்பு எங்கேயிருந்து வந்தது?”

“எத்தனை கிழங்கு, எத்தனை முளை தின்னவன் நான்! என்னைக் கேளு. ஈரம் பட்டதும் மணிக்குள்ளே இருக்கிற மாவு கொஞ்சம் கொஞ்சமாச் சர்க்கரையாகும். அந்த இனிப்பு போய்ச் சேர்ந்தாத்தான் வேர் நுனியில கண்ணுக்குத் தெரியாம இருக்கிற குட்டி அறை ஒண்ணு ரெண்டாப் பிரியும். ரெண்டு நாலாகும். அப்படித்தான் வேர் நீளுது.”

கரடி புழுதியைப் பார்த்தது. கதிர் முற்ற மூன்று மாதம் ஆகும். தின்ன மிஞ்சியவை நான்கு கறையான் புற்றுகள். மூன்று மாதத்துக்கு அவை போதா.

“அப்போ இனிப்பைக் கூட்டினா சீக்கிரம் வளருமே!”

“அதை விதை பார்த்துக்கும். நீ மணல் காயாமப் பாரு, போதும்!”

முள்ளம்பன்றி பகல் தூக்கத்துக்கு வளைக்குள் போனது. கரடி பாறை இடுக்குக்குப் போனது. அங்கே பாதி கருகிய தேனடை ஒன்றை ஒளித்து வைத்திருந்தது. வேறு எதுவுமே கிடைக்காத நாளில் குட்டிக்குக் கொடுக்கலாம் என்று வைத்தது.

“எனக்காம்மா?” என்று புழுதி ஓடி வந்தான்.

“இல்லடா, சோளத்துக்கு. அது வளரட்டும், வயிறு நிறையத் தின்னலாம்.”

அடையைப் பிழிந்து, கடைசிச் சொட்டு வரை மணலில் ஊற்றியது.

இரண்டு நாள் போயிற்று. ஒரு முளைகூடத் தலை நீட்டவில்லை. கரடி தோண்டியது. மணிகள் சுருங்கிக் கிடந்தன. வேர்கள் பழுப்பேறித் துவண்டிருந்தன.

முள்ளம்பன்றி முகர்ந்து பார்த்தது. “என்னத்தை ஊத்தினே?”

“தேன்.”

“எவ்வளவு?”

“இருந்தது எல்லாம்.”

“அடிப்பாவி! விதை குடிக்க வேண்டிய தண்ணியைத் தேன் இழுத்துக்கிச்சு. உள்ளே துளித்துளியா ஊற வேண்டியதை வெளியிலேயிருந்து மொத்தமாக் கொட்டினா, ஒண்ணு எப்படி ரெண்டாகும்?”

“என் பிள்ளை பசியில கிடந்தானே, அண்ணே!”

“அப்போ தேனை அவனுக்கே கொடுத்திருக்கலாமே, தாயி!”

முள்ளம்பன்றி பங்கைப் பற்றிப் பேசவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் நடந்துவிட்டது.

புழுதி குழிக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தான்.

“அம்மா, இங்கே பாரேன்! மணலெல்லாம் இனிக்குது!”

கரடி அவனைத் தடுக்கவில்லை.

வளர்கிற ஒன்றுக்கு எது, எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல், அவசரப்பட்டு வாரிக் கொட்டினால், ஆசையாகச் செய்தாலும் அது அழிவிலேயே முடியும்.