செங்கெண்டை விழுங்கிய கல்

அந்தக் காலத்தில் மீன்களும் பேசும். பேசும் என்றா சொன்னேன்? வாய் ஓயாது! சீன தேசத்தில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டக் குளத்தில் ஹொங் என்றொரு செங்கெண்டை இருந்தது. வாயாடிகளில் அதுதான் பெரிய வாயாடி.

அந்த வீட்டு எஜமானி மெய்லான், ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். வீடு நிறைய ஆட்கள். அவர்கள் முன்னால் அவள் கண் கலங்கியதே இல்லை. காலையில் வளைந்து வளைந்து போகும் பாதையில் தனியே வருவாள். குளத்தோரப் பாறைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுவாள். பிறகு மூங்கில் சலசலப்பைக் கேட்டபடி சும்மா இருப்பாள். எழுந்து போகும்போது முகம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவை வைத்துத்தான் அன்றைய பொழுதை ஓட்டுவாள். இது ஹொங்குக்கு மட்டுமே தெரியும்.

வசந்தத்தில் பூப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள். ஒருத்தி விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு, “பெற்ற மகள் போய்ச் சேர்ந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையாமே! கல்நெஞ்சக்காரி!” என்றாள்.

ஹொங்குக்குப் பொறுக்கவில்லை. தண்ணீருக்கு மேலே துள்ளியது. “யாரடி கல்நெஞ்சக்காரி? தினமும் அந்தப் பாறைக்குப் பின்னால் எங்கள் அம்மா கதறுகிற கதறல் எனக்கல்லவா தெரியும்!”

பெரிய நல்லது செய்துவிட்டோம் என்று மெய்லானைப் பார்த்தது. ஐயோ! அவள் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் விழுந்து உடைந்தது. மீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் முதல் பாறைக்குப் பின்னால் ஒரே கூட்டம். ஆறுதல் சொல்ல வந்தார்களாம்! “அழு கண்ணு, நாங்கள் இருக்கிறோம்” என்று அத்தை ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். மெய்லான் தோட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சோறு இறங்கவில்லை. படுத்த படுக்கையானாள். வைத்தியர் கைவிரித்துவிட்டார் என்று சமையல்காரி குளத்தருகே சொல்லிப் புலம்பினாள். கேட்ட ஹொங் தன்னையே திட்டிக்கொண்டது:

“அடப்பாவி வாயே! ஓர் உயிரையா தின்னப் பார்த்தாய்?”

அவள் வராவிட்டாலும் பாறையருகே காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது: “போங்கள் எல்லோரும்! அவளுக்கு வேண்டியது நீங்கள் இல்லாத இடம். இனி என் வாயும் இங்கே இல்லை.” சொன்ன கையோடு குளத்தடியில் கிடந்த கூழாங்கல்லைக் கவ்வி விழுங்கியது. தொண்டை அடைத்தது. தங்கள் வாயும் இப்படி வினை செய்துவிடக் கூடாதென்று மற்ற மீன்களும் ஆளுக்கொரு கல்லை விழுங்கின. கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

சில நாள் கழித்து, கூட்டம் கலைந்ததைக் கேள்விப்பட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மெய்லான் வந்தாள். சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஹொங் மேலே வந்து மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தது. மூடியது. சத்தமே வரவில்லை. அவள் திடுக்கிட்டாள். தன் அழுகையை இனி இந்தக் குளம் யாரிடமும் சொல்லாது என்று புரிந்தது. பாறையோடு சாய்ந்து ஆசை தீர அழுதாள்.

அன்று முதல்தான் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஒரு சொல்லும் வெளியே வருவதில்லை. மனம் கனத்தவர்கள் குளக்கரையைத் தேடிப் போவதும் அதனால்தான்.